ஐரோப்பிய வீரர் என்.எஃப்.எல். அணிக்குள் போவது எப்படி? 53 இடங்களும் ஓர் ஆர்.ஏ.சி. டிக்கெட்டும்

2024 ஜனவரியில், வேல்ஸ் ரக்பி அணி சிக்ஸ் நேஷன்ஸ் தொடருக்கான வீரர்களை அறிவிக்கவிருந்த அதே நாளில், அந்த அணியின் நட்சத்திரமான லூயிஸ் ரீஸ்-ஸாமிட் ரக்பியை விட்டுவிட்டு அமெரிக்க ஃபுட்பால் ஆடப் போவதாக அறிவித்தார். வயது 22. மார்ச்சில் அப்போதைய சாம்பியனான கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்ட் கடைசியில் விடுவித்தது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் எடுத்துக்கொண்டது. 2025 கோடையில் அவர் ரக்பிக்கே திரும்பிவிட்டார். இடைப்பட்ட காலத்தில், அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை.

இதைப் பற்றி இரண்டு மாதிரி பேச்சு ஓடுகிறது. ரக்பிக்காரர்களால் அந்த அடியைத் தாங்க முடியாது என்பது ஒன்று. எல்லாம் விளம்பரத்துக்காக, வாய்ப்பே கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டிலுமே அந்த லீக்கில் ஓர் அணியின் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்ற விஷயம் விடுபட்டுப்போகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு ஐரோப்பியர் உள்ளே போகும் பாதையைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் அடியிலிருந்தே தொடங்கலாம்.

ஆட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம்

மைதானம் 100 கெஜ நீளம், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி 10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 கெஜத்தை எட்டினால் இன்னொரு நான்கு கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து கைமாறும். அவ்வளவுதான், மற்ற விதிகள் நமக்கு இப்போது வேண்டாம்.

ஆனால் ஒன்றை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ரக்பியோ கால்பந்தோ மாதிரி ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்காது. ஒரு முயற்சி சில வினாடிகளில் முடிந்துவிடும். எல்லோரும் நின்று, அடுத்த திட்டத்தைக் கேட்டுக்கொண்டு, மறுபடி வரிசையில் வந்து நிற்பார்கள். அந்தத் திட்டத்தில் 11 பேருக்கும் தனித்தனி வேலை எழுதப்பட்டிருக்கும்: நீ இந்தப் பக்கம் இரண்டடி வைத்து அவனை மறி, நீ 12 கெஜம் ஓடி உள்பக்கம் திரும்பு, நீ ஓடுவது மாதிரி பாவலா காட்டு. இப்படிப்பட்ட திட்டங்கள் நூற்றுக்கணக்கில் அடங்கிய தொகுப்புக்குப் பெயர் பிளேபுக். எதிரணி கடைசி நொடியில் ஆட்களை இடம் மாற்றி நிறுத்தினால் உங்கள் வேலையும் மாறும், அதையும் அந்த நொடியிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

வேகமும் பலமும் ஏன் போதவில்லை

"அவ்வளவு வேகமாக ஓடுகிறவனுக்குப் பந்தைக் கொடுத்தால் ஓடிவிட மாட்டானா?" இது நியாயமான கேள்வி, சில சமயம் உண்மையும்கூட. இங்கிலாந்து ரக்பி வீரர் கிறிஸ்டியன் வேட் 2019 ஆகஸ்டில் பஃபலோ பில்ஸ் அணிக்காகப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் இறங்கி, முதல் தடவை கைக்கு வந்த பந்தையே 65 கெஜம் ஓடிக் கொண்டுபோய் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) போட்டார். அந்தக் காணொளியைப் பார்க்காத ரக்பி ரசிகர் குறைவு. ஆனால் அடுத்த மூன்று பருவங்களில் லீக் ஆட்டம் எதிலும் அவர் இறங்கவே இல்லை.

ஏனென்றால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரின் வேலையில் ஓடுவது ஒரு பகுதிதான். பந்து தன்னிடம் வராத முயற்சிகளில் தன் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவரை, நோக்கிப் பாய்ந்து வரும் 110 கிலோ ஆளை அவர் குறுக்கே நின்று மறிக்க வேண்டும். யார் பாய்வார் என்பதைப் பந்து கிளம்புவதற்கு முன்பே ஊகிக்க வேண்டும். ரக்பியில் பந்து இல்லாத ஆளை மறிப்பது தப்பு, பெனால்டி கொடுப்பார்கள். பதினைந்து வருடமாகச் செய்யாதே என்று பழக்கப்பட்ட உடம்பு, இங்கே அதையே முதல் வேலையாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

பந்தைப் பிடிக்கிற வேலைக்குப் போனாலும் இதே கதைதான். குவார்ட்டர்பேக் பல சமயம், பிடிக்கப் போகிறவர் திரும்புவதற்கு முன்பே பந்தை எறிந்துவிடுவார், இத்தனையாவது அடியில் அவர் இந்த இடத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில். ஓர் அடி கூடினாலோ குறைந்தாலோ பந்து எதிரணியின் கையில். இதில் 40 கெஜத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறீர்கள் என்பது இரண்டாம் பட்சம். (ரீஸ்-ஸாமிட் 4.43 வினாடியில் ஓடிக் காட்டினார். அமெரிக்கர்களோடு ஒப்பிட்டாலும் நல்ல நேரம்.)

ஆக, குறைவது உடல் தகுதி இல்லை. ஆயிரம் தடவை செய்து பார்த்தால்தான் வரும் பழக்கம் குறைகிறது. பயிற்சியில் ஒரு திட்டத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதை அங்கே ரெப் என்பார்கள். இந்தக் கட்டுரையில் முக்கியமான சொல் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அமெரிக்கப் பையன்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் பத்து வருடத்துக்கு மேல் ரெப் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். என்.எஃப்.எல்-லிலோ வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, லீக் பருவம் முழுவதற்கும் முழுக் கவசத்தோடு 14 பயிற்சிகள்தான் நடத்தலாம். அந்தச் சொற்ப நேரத்தை ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகிறவருக்குத்தான் எந்தப் பயிற்சியாளரும் செலவழிப்பார். கற்றுக்கொள்ளவே வந்தவருக்கு மிச்சம் மீதிதான்.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது

இப்போது அந்த 53-க்கு வருவோம். கோடைப் பயிற்சி முகாமில் ஓர் அணி 90 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் இறுதியில் அதை 53 ஆகக் குறைத்தே ஆக வேண்டும். 32 அணிகள், மொத்தம் 1,696 இடங்கள். அதற்கு வெளியே ஒவ்வோர் அணிக்கும் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாட் என்ற பயிற்சிப் பட்டியல் உண்டு. அவர்கள் தினமும் பயிற்சிக்கு வருவார்கள், கூட்டங்களில் உட்காருவார்கள், அடுத்து மோதப்போகும் எதிரணி மாதிரி நடித்துக் காட்டுவார்கள். ஆட்டத்தன்று பெரும்பாலும் வேடிக்கைதான்.

நம் ரயிலில் ஆர்.ஏ.சி. டிக்கெட் வைத்திருக்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறலாம், உட்கார இடமும் உண்டு, ஆனால் படுக்கை கிடையாது, யாராவது ரத்து செய்தால்தான். அவர் ரயிலில் ஏறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. படுத்துத் தூங்கினார் என்றும் சொல்ல முடியாது. பிராக்டிஸ் ஸ்குவாட்டும் அப்படித்தான், ஒருவருக்குக் காயம் பட்டால் இன்னொருவருக்கு வழி திறக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரயிலில் வரிசை எண் உண்டு, முறைப்படி உங்களுக்குத்தான் அடுத்து வரும். இங்கே வரிசையெல்லாம் கிடையாது, பயிற்சியாளருக்கு யார் வேண்டுமோ அவர். வேண்டுமென்றால் வெளியிலிருந்தும் கூட்டிவருவார்.

"என்.எஃப்.எல். அணியில் சேர்ந்தார்" என்ற செய்தியைப் படித்தால் அடுத்துக் கேட்க வேண்டியது எந்தப் பட்டியலில் என்பதுதான். 90-இலா, 16-இலா, 53-இலா? மூன்றுக்கும் ஒரே தலைப்புத்தான் போடுகிறார்கள்.

ஐரோப்பியருக்கு மட்டும் கூடுதலாக ஓர் இடம்

அனுபவசாலிகளான அமெரிக்கர்களே 53-க்கு முண்டியடிக்கும்போது, ஆட்டமே தெரியாத ஒருவரை வைத்துக் கற்றுக்கொடுக்க எந்த அணிக்கு மனசு வரும்? வராது. இதைச் சமாளிக்கத்தான் லீக் 2017-இல் இன்டர்நேஷனல் பிளேயர் பாத்வே என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு விளையாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஃபுளோரிடாவில் சுமார் பத்து வாரம் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்து, அணிகளின் முன்னால் ஓடவும் குதிக்கவும் பிடிக்கவும் வைத்துக் காட்டுவார்கள். பிடித்துப்போய் ஓர் அணி எடுத்தால், அவர் முகாமில் 91-ஆவது ஆளாகவும், பிறகு பயிற்சிப் பட்டியலில் 17-ஆவது ஆளாகவும் இருக்கலாம். அதாவது யாருடைய இடத்தையும் பிடுங்காத ஓர் இடம்.

ஆரம்பத்தில் நான்கு அணிகள் கொண்ட ஒரே ஒரு பிரிவுக்குத்தான் ஒவ்வொரு வருடமும் இந்தச் சலுகை கிடைத்தது. 2024 முதல் 32 அணிகளுக்கும் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. உங்களை வைத்திருப்பதால் அணிக்கு எந்த இழப்பும் இல்லை, சரி. அதனால் அவசரப்பட்டு உங்களை வெளியே அனுப்ப மாட்டார்கள், அதுவும் சரி. ஆனால் இழப்பில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சீக்கிரம் தயார் செய்ய வேண்டும் என்ற நெருக்கடியும் யாருக்கும் இல்லை. பழைய விதியில் இது இன்னும் மோசம்: இந்தக் கூடுதல் இடத்தில் வைக்கப்பட்டவரை அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்தில் இறக்கவே முடியாது. 2024-இல்தான் ஒரு பருவத்தில் மூன்று தடவை வரை ஆட்டத்துக்கு அழைக்கலாம் என்று மாற்றினார்கள். வேட் மாட்டிக்கொண்டது பழைய காலத்தில். இந்த இடம் ஓர் இடைவழி. அதில் எவ்வளவு காலம் நின்றார் என்பதைவிட அதிலிருந்து எப்போது வெளியேறி 53-க்குள் போனார் என்பதுதான் கணக்கு.

போனவர்கள் இருக்கிறார்கள். நைஜீரியாவில் பிறந்து, பத்து வயதில் லண்டனில் ஆதரவில்லாமல் கைவிடப்பட்டு, அரசுப் பராமரிப்பில் வளர்ந்த எஃபே ஒபாடா, அங்கே லண்டன் வாரியர்ஸ் என்ற அமெச்சூர் அணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடியிருந்தார். 2015-இல் டல்லஸ் கவ்பாய்ஸ் எடுத்து விட்டுவிட்டது. 2017-இல் இந்தத் திட்டத்தின் முதல் நான்கு பேரில் ஒருவராகக் கரோலினா பாந்தர்ஸுக்குப் போய், ஒரு வருடம் காத்திருந்து, 2018-இல் 53-க்குள் வந்தார். சின்சினாட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே எதிரணி குவார்ட்டர்பேக்கை ஒருமுறை வீழ்த்தி, ஒரு பந்தையும் பறித்தார். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த யாக்கோப் ஜான்சன் 2019-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் அதைவிட வேகமாக உள்ளே வந்துவிட்டார். ஆனால் அவர் ஏற்கெனவே அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அது சின்ன விஷயமில்லை, கீழே வருகிறேன்.

இந்தத் திட்டத்தின் ஆகப்பெரிய வெற்றி ஓர் ஐரோப்பியர் இல்லை, ஆஸ்திரேலியர். ஜோர்டன் மைலாட்டா, இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், ரக்பி லீக் ஆடியவர், 2018 வரை அமெரிக்க ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அவர் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரைக் கூடுதல் இடத்தில் வைக்கவில்லை. டிராஃப்டில், அதாவது அணிகள் மாறி மாறிப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஏழு சுற்று வருடாந்திர ஏலத்தில் (பணம் போடும் ஏலம் இல்லை, முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது), ஏழாவது சுற்றில் 233-ஆவது ஆளாக எடுத்து, 53-இல் ஓர் இடத்தையே அவருக்காக ஒதுக்கியது. இரண்டு பருவம் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அணி காத்திருந்தது. 2020-இல் இறங்கினார், 2025 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வென்றார். அவர் ஆடுவது தாக்குதல் வரிசையில் மறிக்கும் வேலை. அந்த உடம்பு உலகத்திலேயே அபூர்வம், அந்த வேலையோ சில அடி பரப்புக்குள் ஒரே கால் அசைவுகளைத் திருப்பித் திருப்பிச் செய்வது. அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் ஓடுகிற இடங்களைவிட இந்த வரிசைகளில் தேறுகிறார்கள் என்பது என் கணிப்பு.

கல்லூரி வழி: மெதுவானது, ஆனால் பலன் தருவது

திட்டம், சலுகை எல்லாம் வருவதற்கு முன்பே ஐரோப்பியர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது எஸ்தோனியாவின் மார்குஸ் ஹுண்ட். 2006-இல் பெய்ஜிங்கில் நடந்த உலக ஜூனியர் தடகளத்தில் குண்டு எறிதல், வட்டு எறிதல் இரண்டிலும் தங்கம். அப்புறம் ஒரு நல்ல எறிதல் பயிற்சியாளரைத் தேடி டெக்சாஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். அங்கே ஆண்கள் தடகள அணியையே ஏற்கெனவே கலைத்துவிட்டிருந்தார்கள். ஸ்காலர்ஷிப் வேண்டுமென்றால் வேறு விளையாட்டு ஆட வேண்டும். ஃபுட்பால் அணியில் சேர்ந்தார், 2009-இல். உதைக்கப்படும் பந்தைக் கை நீட்டித் தடுப்பதில் கில்லாடி ஆனார், கல்லூரிக் காலத்தில் 17 உதைகளைத் தடுத்தார். 2013 டிராஃப்டின் இரண்டாவது சுற்றிலேயே சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை எடுத்தது.

பத்து வாரமா நான்கு வருடமா என்பதுதான் வித்தியாசம். கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ரெப், ஆயிரக்கணக்கில். அதே 2013-இல் பெர்லினைச் சேர்ந்த பியோர்ன் வெர்னர் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார், மான்செஸ்டரைச் சேர்ந்த மெனலிக் வாட்சன் இரண்டாவது சுற்றில். இருவருமே ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள். 2009-இல் எடுக்கப்பட்டு இரண்டு சூப்பர் பவுல் வென்ற ஜெர்மானியர் செபாஸ்டியன் ஃபோல்மர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்.

கல்லூரியில் ஆடாமல் நேராக ஐரோப்பாவிலிருந்து டிராஃப்டில் எடுக்கப்பட்டவர் மோரிட்ஸ் போரிங்கர். 2016, ஆறாவது சுற்று, மினசோட்டா வைக்கிங்ஸ். ஜெர்மன் லீக்கில் கலக்கியவர், ஓட்ட வேகம் அபாரம். லீக் ஆட்டம் எதிலும் ஆடாமலே அவர் பயணம் முடிந்தது. ஒருவரை வைத்து விதி எழுத முடியாதுதான், ஆனால் ஹுண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே ரெப் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

இதுவரை வந்தவர்களுக்கு ஒரு நிறுத்தம்: ஐரோப்பியர் உள்ளே வர ஒன்று கல்லூரியில் பல வருடம் கற்க வேண்டும், அல்லது கூடுதல் இடத்தில் உட்கார்ந்து கற்க வேண்டும். இரண்டாவது வழியில் கற்பதற்கான நேரம்தான் தட்டுப்பாடு.

இந்தக் கணக்குக்கு வெளியே ஒரு வேலை

உதைப்பது. கிக்கர் என்ற ஆள், பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்புகிறவர். அவருக்குப் பிளேபுக் பெரிதாக வேண்டாம், யாரையும் மறிக்கவும் வேண்டாம், உதைத்துப் பழகத் தனியாக ஒரு மைதானம் இருந்தாலே போதும். ரெப் தட்டுப்பாடு இங்கே இல்லை. அதனால்தான் இந்த வேலையில் ஐரோப்பியர்கள் எப்போதோ புகுந்துவிட்டார்கள். ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக் 1964-இல் பஃபலோ பில்ஸுக்காகக் கால்பந்து பாணியில் பக்கவாட்டாக வந்து உதைத்தபோது அது புதுமை, மற்றவர்கள் நேராக வந்து கால் நுனியால் உதைத்துக்கொண்டிருந்தார்கள். இன்று எல்லோருமே அவர் பாணிதான். பனிச்சறுக்குத் தாண்டலுக்கான ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா வந்த நார்வேக்காரர் யான் ஸ்டெனெரூட், மாணவர் பரிமாற்றத்தில் வந்த டென்மார்க்காரர் மோர்ட்டன் ஆண்டர்சன், இருவருமே இந்த விளையாட்டின் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். அண்மையில் வட அயர்லாந்தின் டவுன் கவுன்ட்டியிலிருந்து, ஐரிஷ் ஆட்டமான கேலிக் ஃபுட்பாலில் கோல்கீப்பராக இருந்த சார்லி ஸ்மித், பாத்வே வழியாக நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போனார். 2024 ஆகஸ்ட் பயிற்சி ஆட்டத்தில் 37 கெஜத்திலிருந்து உதைத்து வெற்றி தேடித்தந்தார். அப்படியும் லீக் ஆட்டத்தில் இறங்க 2025 இறுதி வரை காத்திருந்தார், ஏனென்றால் ஓர் அணிக்கு ஒரு கிக்கர் போதும்.

பணம்

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி என்பதால் சுருக்கமாக. 2024 கணக்கில் பயிற்சிப் பட்டியலில் இருக்கும் புதுமுகத்துக்கு வாரம் 12,500 டாலர், 18 வாரமும் நீடித்தால் 2,25,000. அதே ஆள் 53-இல் இருந்தால் குறைந்தபட்சம் 7,95,000. மூன்றரை மடங்கு. பயிற்சிப் பட்டியல் சம்பளமும் ஐரோப்பிய ரக்பி வீரர் பலருக்குக் குறைவில்லாத தொகைதான், அதனால் இந்த முயற்சியைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. ஆனால் வாரச் சம்பளம் என்பதைக் கவனியுங்கள். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு நன்றி சொல்லி அனுப்பினால் அத்தோடு சரி.

அடுத்து எங்கே போகிறது

ஐரோப்பாவிலேயே ரெப் கிடைக்கச் செய்தால் என்ன என்று லீக் ஒரு தடவை முயன்று பார்த்தது. 1991-இல் தொடங்கி, பெயர்கள் மாறி, என்.எஃப்.எல். யூரோப்பா என்று 2007-இல் மூடப்பட்ட லீக் அது. நடைமுறையில் அது அமெரிக்க இளைஞர்களுக்கான பயிற்சிக்கூடமாகத்தான் அதிகம் பயன்பட்டது. ஆம்ஸ்டர்டாம் அணியில் 1998-இல் ஆடிய கர்ட் வார்னர் இரண்டு வருடத்துக்குள் சூப்பர் பவுலின் சிறந்த வீரர் ஆனார், ஆனால் அவர் அயோவாக்காரர்.

இப்போதைய முயற்சி வயதைக் குறைப்பது. 2019-இல் லண்டனில் தொடங்கி இப்போது லஃப்பரோவில் நடக்கும் என்.எஃப்.எல். அகாடமியில் பதின்ம வயதுப் பிள்ளைகள் படித்துக்கொண்டே ஆடுகிறார்கள், அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப்பில் போகிறார்கள். இது ஹுண்ட் தற்செயலாகப் போன வழியைத் திட்டம் போட்டுச் செய்வதுதான். 22 வயதில் இன்னொரு விளையாட்டின் நட்சத்திரத்தைப் பிடித்துவந்து பத்து வாரத்தில் மாற்றப் பார்ப்பதைவிட எனக்கு இது உருப்படியான காரியமாகத் தெரிகிறது. ரீஸ்-ஸாமிட் மாதிரிப் பெயர்கள் செய்தியில் வருவது இதனால் நின்றுவிடாது, லண்டனிலும் மியூனிக்கிலும் டப்ளினிலும் ஆட்டம் நடத்தி டிக்கெட் விற்கிற லீக்குக்கு அவர்களும் தேவைதான். ஆனால் 53-க்குள் போய் நிலைக்கிற ஐரோப்பியர்கள் இனி அதிகமும் 16 வயதிலேயே ஹெல்மெட் மாட்டியவர்களாக இருப்பார்கள்.